அஃபேசியா உள்ளவரோடு வீட்டில் சொல் தேடும் பயிற்சி: மேசையிலிருந்து சந்தை வரை

பாரிசவாதம் வந்து வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியவருக்குக் கை கால் ஓரளவு வழிக்கு வந்துவிட்டது. பேச்சு மட்டும் சிக்குகிறது. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது, சொல் வாய்க்கு வரவில்லை. அல்லது வேறு சொல் வந்து விழுகிறது. இதைத்தான் அஃபேசியா என்கிறார்கள். பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்படும்போது வரும். அப்படிப்பட்டவரோடு வீட்டில் உட்கார்ந்து பயிற்சி செய்யப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் மனைவியாகவோ மகளாகவோ மருமகனாகவோ இருக்கலாம், யார் என்றாலும் சரி.

எங்கள் வீட்டில் மாமாவோடு இதைச் செய்து பழகிய பிறகு, உப்புவெளியிலும் பாலையூற்றிலும் சில வீடுகளில் கூட இருந்து பார்த்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். சொல் வரவில்லை என்றதும் சொல்லை ஊட்டத் தொடங்கிவிடுகிறார்கள். பல நேரம் சொல் உள்ளேதான் இருக்கிறது. அதைத் தெரிந்தெடுப்பது, பக்கத்தில் எழும்பும் மற்றச் சொற்களை அடக்குவது, முன்பு சொன்னதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது, இந்தக் கட்டுப்பாட்டு வேலைகளில்தான் தடங்கல். எது தடங்கல் என்று பார்த்துவிட்டு உதவினால் உங்கள் உழைப்பில் பாதி மிச்சம்.

1. தொடங்குமுன் சரிபார்க்க வேண்டியவை

முதலில் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ உங்களுக்குக் கிட்டிய வைத்தியசாலையிலோ பேச்சுச் சிகிச்சையாளரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வெருகலிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ கிழமைதோறும் வர முடியாதுதான். ஒரு தடவையாவது அவர் பார்த்துச் சொன்னால், நாக்கும் உதடும் பலவீனமா, ஒலிகளை ஒழுங்குபடுத்துவதில் சிக்கலா, சொல் எடுப்பதில் சிக்கலா என்று பிரித்தறியலாம். முதல் இரண்டுக்கும் பயிற்சி வேறு.

கண்ணாடி போட்டிருக்கிறாரா, காது கேட்கிறதா என்று பாருங்கள். பாரிசவாதத்துக்குப் பிறகு சிலருக்கு வலப்பக்கப் பார்வை குறைந்திருக்கும். படத்தை வலது ஓரத்தில் வைத்துவிட்டு "பதில் சொல்கிறார் இல்லை" என்று கவலைப்படுவதில் பயனில்லை. நடுவிலோ சற்று இடப்பக்கமோ வையுங்கள்.

நன்றாகப் பேசிக்கொண்டு வந்தவருக்குத் திடீரென்று பேச்சு மோசமானால், முகம் கோணினால், கை சோர்ந்தால், அது பயிற்சியில் சரிசெய்யும் விஷயம் அல்ல. உடனே 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.

2. எங்கே சிக்குகிறது என்று ஓரிரு நாள் கவனியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டி ஓடுகிறார்கள். கையில் கொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு, அவர் தடுக்கும்போது என்ன சொன்னார் என்று அப்படியே எழுதுங்கள். திருத்த வேண்டாம்.

திறப்பைப் பார்த்து "அது... கதவுக்கு... பூட்டுறது" என்கிறாரா? அவருக்குப் பொருள் தெரியும், சொல்லின் ஒலி கிடைக்கவில்லை. யன்னலைக் "கதவு" என்கிறாரா? தேடல் சரியான இடத்துக்குப் போய், பக்கத்துச் சொல்லை எடுத்துவிட்டது. "திறப்பு" என்பதற்குத் "திபப்பு" என்கிறாரா? சொல் வந்துவிட்டது, ஒலிகள் குழம்புகின்றன.

இனி வேறு வகை. தேத்தண்ணியைக் காட்டியதும் "தேத்தண்ணி" என்று சரியாகச் சொன்னவர், அடுத்துக் காட்டிய சீப்பையும் "தேத்தண்ணி" என்கிறார், அதற்கடுத்த செருப்பையும் அப்படியே. இவருக்குச் சீப்பு என்ற சொல் தொலையவில்லை. முந்தின சொல் விலகவில்லை. இன்னொருவர் தொடங்குகிறார், இடையில் கோழி கூவினால் கேள்வியே மறந்துபோகிறது. வேறொருவர் பிழையாகச் சொன்னதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்.

நாம் ஒரு சொல்லைத் தேடும்போது அதன் உறவுச் சொற்களும் கூடவே எழும்புகின்றன. கத்தியைத் தேடினால் கரண்டியும் வரும், வெட்டுதலும் வரும். பத்துப் பேர் ஒரே வாசலில் நெருக்குவது போல. ஒருவரை மட்டும் உள்ளே விட்டு மற்றவர்களைத் தடுக்கிற வேலையில் மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே பாதிப்பு இருந்தால், சொற்கள் எல்லாம் பத்திரமாக இருந்தும் வாசலில் தள்ளுமுள்ளுதான்.

பேச்சின் அளவை வைத்து இந்தக் கட்டுப்பாட்டை மதிப்பிட முடியாது. நாலு சொல் மட்டுமே பேசக்கூடிய ஒருவர் 304 விளையாட்டில் துரும்பு மாறியதும் தானும் மாறி, எதிராளியை மடக்குவார். நிறையப் பேசுகிற இன்னொருவர் துரும்பு மாறியதைக் கவனிக்காமல் பழையபடியே போடுவார். சீட்டாட்டம், உடுப்பு மடிப்பு, மருந்துப் பெட்டி அடுக்குதல் போன்ற பேச்சில்லாத வேலைகளில் அவரைப் பாருங்கள். நிறைய விளங்கும்.

3. சொற்களைத் தெரிந்தெடுத்தல்

பயிற்சி செய்த சொற்கள் தேறும். செய்யாத சொற்களுக்கு அந்தப் பலன் அவ்வளவாகப் பரவாது. ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிற விஷயம் இது. ஆகவே அவருக்கு உண்மையில் தேவைப்படும் சொற்களை மட்டும் எடுங்கள். இருபது போதும். அதில் பாதி, அவர் சில நேரம் சொல்லிவிடுகிற சொற்களாக இருக்கட்டும். எல்லாமே வராத சொற்கள் என்றால் இரண்டாம் நாளே மனம் விட்டுப்போகும்.

கடையில் விற்கிற அரிச்சுவடிப் படங்களை வாங்காதீர்கள். அறுபது வயது மனிதரிடம் "அ, அம்மா" என்று காட்டினால் அவருக்குக் கோபம் வரும், வரவும் வேண்டும். உங்கள் போனில் அவருடைய பொருட்களையே படம் எடுங்கள்: அவருடைய சாரம், அவருடைய குளிசைப் பெட்டி, வீட்டுத் திறப்பு, அவர் உட்காருகிற கதிரை. பின்னால் வெறும் சுவராக இருக்கட்டும், ஒரு படத்தில் ஒரு பொருள். பின்னணியில் நாலு சாமான் இருந்தால் அவையும் சொல்லாகப் போட்டிக்கு வரும்.

அவர் வாயில் புழங்கிய சொல்லே சரியான சொல். "கதிரை" என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவரிடம் "நாற்காலி" கேட்கக் கூடாது. கடற்றொழில் செய்தவருக்கு வலை, வள்ளம், சூடை, பாரை. தம்பலகாமத்து விவசாயிக்கு வாய்க்கால், வரம்பு, சூடு.

பெயர்ச்சொற்களோடு நிறுத்திவிடாதீர்கள். வினைச்சொல்லும் வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருவதால், "தம்பி கடைக்கு..." என்று தொடங்கி வினை கிடைக்காமல் வசனமே தொங்கிவிடும். வா, போ, எடு, பூட்டு, நிறு என்று ஐந்தாறு சேருங்கள். பேரப்பிள்ளைகளின் பெயர்களைப் பின்னுக்கு வையுங்கள். ஆட்பெயர்தான் எல்லாவற்றிலும் கடினம். பெயர் வரவில்லை என்று பிள்ளைகளின் முன்னால் அவர் குறுகிப்போகும்படி விடக் கூடாது.

4. இடமும் நேரமும்

காலையில், சாப்பிட்டு மருந்தெடுத்து ஆறிய பிறகு. டிவி நிற்கட்டும். அறையில் ஒருவர் மட்டும் பேசட்டும். கட்டுப்பாடு பலவீனமானவருக்குப் பின்னணிச் சத்தத்தை ஒதுக்குவதே ஒரு வேலை, சொல் தேடுவதற்கு மிச்சம் இருக்காது.

ஒரு அமர்வு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வாரத்தில் நாலைந்து நாள் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் இழுத்துவிட்டுக் கிழமை முழுக்க விடுவது களைப்பைத்தான் தரும். களைத்தால் பழைய சொல் ஒட்டிக்கொள்வதும் கூடும்.

5. ஒரு சொல்லை எடுக்கும் ஒழுங்கு

இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். சிறிய உதவியில் தொடங்கிப் பெரிய உதவிக்குப் போக வேண்டும்.

முதலில் படத்தைக் காட்டி, மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். இது சொல்ல எளிது, செய்ய மகா கஷ்டம். மூன்று எண்ணுவதற்குள் பக்கத்தில் இருக்கும் மச்சாள் சொல்லைச் சொல்லிவிடுவார். அவரை வெளியே அனுப்புங்கள்.

வரவில்லையா, பொருள் வழியாகக் கேளுங்கள். இது எந்த வகை? எதற்குப் பாவிப்பது? அது என்ன செய்யும்? எப்படி இருக்கும்? எங்கே இருக்கும்? இதைப் பார்த்தால் வேறு என்ன ஞாபகம் வரும்? சிகிச்சையாளர்கள் இந்த ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் படத்தைச் சுற்றி எழுதி வைத்துக்கொண்டே செய்வார்கள். ஒவ்வொரு பதிலும் சரியான சொல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிவிடும், பக்கத்துச் சொற்கள் பின்தங்கும். அதோடு, தேடுவதற்கு ஒரு பாதையும் பழகிவிடும்.

மாமா பலசரக்குக் கடை வைத்திருந்தவர். தராசின் படத்தைக் காட்டினால் இப்படிப் போகும்:

"கல்லு... படிக்கல்லு... இல்ல."

"படிக்கல்லும் இதோட சேர்ந்ததுதான் மாமா. இது எங்க இருக்கும்?"

"கடையில. மேசைக்கு மேல."

"இதால என்ன செய்வீங்க?"

"சீனி... நிறுக்கிற. ரெண்டு தட்டு. ஆடும்." கை இரண்டும் மேலும் கீழும் போகிறது. "த... தராசு."

"படிக்கல்லு" என்று வந்தபோது "பிழை" என்று சொல்லாததைக் கவனியுங்கள். அது உறவுச் சொல். அதைப் படிக்கட்டாக எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

பொருள் வழியிலும் வரவில்லை என்றால் ஒலி. தமிழில் முதல் எழுத்தை அப்படியே ஒலித்துக் காட்டுங்கள், "த..." என்று. உங்கள் வாய் அவருக்குத் தெரியட்டும். அதற்கும் வராவிட்டால் முடியாத வசனம்: "சீனி நிறுக்க எடுக்கிறது..." கடைசியாகத்தான் முழுச்சொல். சேர்ந்து ஒரு தடவை, அவர் தனியாக ஒரு தடவை.

அதோடு விட்டுவிடக் கூடாது. இன்னொரு படம் பார்த்துவிட்டு மறுபடி தராசைக் காட்டுங்கள், பிறகு மூன்று படம் கழித்து, பிறகு அமர்வின் முடிவில். உங்கள் பின்னால் திருப்பிச் சொல்வது தேடுதல் ஆகாது. இடைவெளி விட்டுத் தானாக எடுக்கும்போதுதான் பாதை பழகும்.

முதல் எழுத்தை அவசரப்பட்டுக் கொடுக்கிறவர்கள் கவனிக்க: சொல் உடனே வரும், உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அவர் உங்கள் வாயைப் பார்த்துக் காத்திருக்கப் பழகிவிடுவார்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிழையாகச் சொன்னதைக் கவனிக்காமல், அந்தப் பிழையையே பிடித்துக்கொள்கிறவரிடம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குங்கள். முதலில் முழுச்சொல்லையும் கொடுத்து, அடுத்த சுற்றில் பாதியை, அதற்கடுத்து முதல் எழுத்தை, கடைசியில் ஒன்றுமில்லாமல். தவறு நுழைய இடமில்லாமல் போகும். இரண்டு முறைகளாலும் கிடைக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றுதான், ஆளைப் பொறுத்துத் தெரிவு செய்யலாம்.

6. ஒரே சொல் ஒட்டிக்கொண்டால்

சீப்புக்கும் "தேத்தண்ணி" வருகிறது. என்ன செய்வது?

படத்தைக் கவிழ்த்து வையுங்கள். "பழைய சொல்லு வந்துட்டுது, பரவாயில்ல, கொஞ்சம் நிப்பம்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அரை நிமிடம் பேச்சே வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம், யன்னலால் பார்க்கலாம். அப்புறம் அடுத்த பொருளைப் படமாகக் காட்டாமல் கையில் கொடுங்கள். சீப்பைக் கையில் கொடுத்தால் தலையை வாரத் தொடங்குவார், வேறு வழி திறக்கும். எழுதக்கூடியவர் என்றால் எழுதச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதது: "தேத்தண்ணி இல்ல, தேத்தண்ணி இல்ல, வடிவாப் பாருங்கோ!" அடங்க வேண்டிய சொல்லை நீங்களே இரண்டு தடவை உசுப்பிவிட்டீர்கள். அந்தச் சொல்லை நீங்கள் உச்சரிக்கவே வேண்டாம்.

படங்களின் வரிசையும் முக்கியம். தொடக்கத்தில் ஒரே இனத்தை அடுத்தடுத்து வைக்காதீர்கள். மாம்பழம், வாழைப்பழம், பப்பாசி, அன்னாசி என்று போனால் சுகமாக இருக்கும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. ஒரே இனத்தை மீண்டும் மீண்டும் சொல்லச் சொல்ல உறவுச் சொற்களின் போட்டி கூடி, நலமாக இருப்பவருக்கே வேகம் குறையும். அஃபேசியா உள்ளவருக்குப் பிழை கூடும். மாம்பழம், சீப்பு, பஸ், குளிசை என்று கலந்து வையுங்கள்.

7. கட்டுப்பாட்டுக்கான பயிற்சி

எடுத்த சொற்களில் பாதிக்கு மேல் உதவியில்லாமல் வரத் தொடங்கிய பிறகுதான் இது. முன்கூட்டித் தொடங்கினால் இரண்டும் கெடும்.

முதலில், மேலே வேண்டாம் என்ற ஒரே இனத்தை இப்போது வேண்டுமென்றே வையுங்கள். சூடை, பாரை, நண்டு, கணவாய். உறவுச் சொற்களை அடக்கும் பழக்கம் இங்கேதான் வரும். நாலில் தொடங்கி ஆறுக்குப் போங்கள்.

அடுத்தது மாறுதல். ஒரு மீன், ஒரு சமையல் சாமான், மறுபடி மீன். பிறகு அதே படங்களை இனவாரியாக அடுக்கச் சொல்லி, முடிந்ததும் "இப்ப குசினியில இருக்கிறது ஒரு பக்கம், வெளியில இருக்கிறது ஒரு பக்கம்" என்று விதியை மாற்றுங்கள். விதி மாறியதைச் சொல்லிவிட்டு மாற்றுங்கள், முதலில் ஒளித்து மாற்ற வேண்டாம். பேச்சு மிகக் குறைந்தவரோடு சீட்டுக்கட்டில் செய்யலாம்: நிறப்படி, பிறகு இலக்கப்படி.

மூன்றாவது, தானாகத் தேடும் உத்தி. "மிருகங்களைச் சொல்லுங்கோ" என்று ஒரு நிமிடம் கொடுத்துப் பார்ப்பது வைத்தியர்கள் பாவிக்கும் சோதனை. எத்தனை சொல் என்பதோடு, வீட்டு மிருகங்கள் தீர்ந்ததும் காட்டு மிருகங்களுக்குத் தாவுகிறாரா என்றும் பார்ப்பார்கள். "ஆடு, மாடு, ஆடு..." என்று சுற்றுகிறவருக்குத் தாவும் வழியைக் கற்றுக்கொடுக்கலாம். மனதில் ஒரு நடை போகச் சொல்லுங்கள். பத்திரகாளி அம்மன் கோவிலடியில் தொடங்கி, கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மலையேறிக் கோணேசர் கோவில் வரை. கோட்டைக்குள் நுழைந்ததும் "மான்" என்று வராத திருகோணமலைக்காரரை நான் கண்டதில்லை. வழியில் உள்ள தேங்காய், கற்பூரம், மாலை, கடல், பாறை எல்லாம் வரும். ஒரு இடத்தில் சிக்கினால் அடுத்த இடத்துக்கு நடக்கலாம், அதுதான் உத்தி.

போனில் வரும் மூளை விளையாட்டுகள் போதுமா என்று கேட்பார்கள். விளையாட்டு விளையாட்டில் தேர்ச்சி தரும். சொல் வர வேண்டுமென்றால் சொல்லோடு சேர்த்துத்தான் பழக வேண்டும்.

8. சொல் வராதபோது வழி மாறுதல்

பல வீடுகளில் சைகை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், கேட்டால் அழகாகக் காட்டுவார். ஆனால் உண்மையில் தண்ணீர் தேவைப்படும் நேரத்தில் சொல்லோடே மல்லுக்கட்டிக்கொண்டு நிற்பார், கை எழும்பாது. சைகை தெரியாமல் அல்ல. ஒரு வழியை விட்டு இன்னொன்றுக்கு மாறும் அந்தக் கணம்தான் வரவில்லை. ஆகவே மாறுவதையே பயிற்சி ஆக்க வேண்டும்.

நடுவில் ஒரு அட்டையை மறைப்பாக நிறுத்துங்கள். அவர் ஒரு படத்தை எடுக்கட்டும், உங்களுக்குத் தெரியக் கூடாது. எப்படியாவது உங்களுக்கு விளங்க வைக்க வேண்டும். இரண்டு முறை சொல்லிப் பார்த்து வராவிட்டால் மேசையில் ஒரு தட்டு, அதுதான் "வழி மாத்து" என்பதற்கு அடையாளம். தட்டியதும் சைகை, கீறுதல், முதல் எழுத்தை எழுதுதல், எது என்றாலும். பிறகு நீங்கள் எடுங்கள், அவர் கண்டுபிடிக்கட்டும். நீங்களும் சைகையும் கீறலும் பாவியுங்கள். நீங்கள் வாயால் மட்டும் பேசிக்கொண்டு அவரைக் கீறச் சொன்னால் அது தண்டனை போலத்தான் இருக்கும்.

விளங்கிவிட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். "திறப்புத்தானே, விளங்கிட்டுது" என்று சொல்லி எடுத்துக் கொடுங்கள். விளங்கிய பிறகும் "சொல்லுங்கோ, சொன்னாத்தான் தருவன்" என்று வைத்திருப்பது கொடுமை.

9. சிங்களமும் வந்தால்

இங்கே சந்தையிலும் கந்தோரிலும் சிங்களம் பேசிப் பழகியவர்கள் அதிகம். திறப்பைப் பார்த்து "யதுர" என்று வந்தால் அதுவும் சொல்தான். ஏற்றுக்கொண்டு, "ஓம், திறப்பு" என்று தமிழைப் பக்கத்தில் வையுங்கள். எந்த மொழி என்று தெரிவதும் ஒரு கட்டுப்பாட்டு வேலை. ஒரு அமர்வை ஒரே மொழியில் வைத்துக்கொண்டால் போட்டி குறையும்.

10. வெளியே கொண்டுபோதல்

மேசையில் வந்த சொல் மீன் சந்தையில் வராது. சத்தம், நெருக்கம், விலை, பின்னால் நிற்கிறவரின் அவசரம், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். ஆகவே படிப்படியாகப் போங்கள்.

முதல் கட்டம் ஒழுங்கைக்குள் இருக்கும் கடை, மத்தியான நேரம், ஆள் இல்லாதபோது. முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "இவர்தான் கேட்பார், கொஞ்சம் பொறுங்கோ, என்னைப் பாக்காதீங்கோ." ஒரு சாமான் மட்டும். அது தேறினால் இரண்டு. இரண்டாவதைக் கேட்கும்போது முதலாவதையே திரும்பக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்டால், அங்கேயே ஒரு நிமிடம் நின்று ஆறிவிட்டுத் தொடருங்கள். சந்தை அதற்குப் பிறகு. போன் பேச்சு கடைசி, ஏனென்றால் அங்கே முகமும் இல்லை, கையும் இல்லை.

சட்டைப்பையில் ஒரு சிறிய அட்டை இருக்கட்டும், தமிழிலும் சிங்களத்திலும்: "எனக்குப் பாரிசவாதத்தால் பேசுவது சிரமம். நீங்கள் சொல்வது விளங்கும். கொஞ்சம் நேரம் தாருங்கள்." ஆட்டோவிலும் பஸ்ஸிலும் இது உதவும். குடித்திருக்கிறார் என்று நினைத்து நடத்துவது எங்கள் ஊரிலும் உண்டு. சொன்னதை விளங்கிக்கொள்வதிலும் சிரமம் உள்ளவர் என்றால் இரண்டாவது வரியை மாற்றி, "மெதுவாக, சுருக்கமாகப் பேசுங்கள்" என்று எழுதுங்கள்.

11. கொப்பியில் என்ன எழுதுவது

ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே ஒரு குறி: தானாக வந்ததா, பொருள் கேள்விக்குப் பிறகா, ஒலிக்குப் பிறகா, முழுச்சொல்லுக்குப் பிறகா. ஒட்டிக்கொண்ட சொல்லுக்கு வேறு குறி. சரி, பிழை என்று மட்டும் எழுதினால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது. முழுச்சொல் தேவைப்பட்ட இடத்தில் இப்போது "த..." போதும் என்றால் அது முன்னேற்றம்தான். ஒட்டுதல் அமர்வின் பிற்பாதியில் மட்டும் வருகிறதென்றால் அமர்வைச் சுருக்குங்கள்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மூன்று அமர்வு தொடர்ந்து தானாக வந்த சொல்லை மேசையிலிருந்து எடுத்துக் கடைப் பட்டியலில் போடுங்கள். எத்தனை உதவி கொடுத்தும் அசையாத சொல்லை வற்புறுத்த வேண்டாம். அதற்குச் சைகையைப் பழக்கிவிட்டு, அந்த இடத்தில் புதிய சொல்லை வையுங்கள். எந்தச் சொல் என்பதை அவரிடமே கேளுங்கள். மாமா முதலில் கேட்டது "கடன்" என்ற சொல்லை.